எட்டுல ஒரு பங்கு

என் புருஷன அடிச்சுக் கொன்னவன் பேரு மணிவேல். மேல தீர்த்தகிரி வூட்டுப் புள்ள, ஜீப் ஓட்றவன். இத முதல்லயே சொல்லிட்றேன். ஏன்னா நான் சொல்லப் போறத முழுசா கேட்டுட்டு, "பாவம், எவ்ளோ நல்ல மனசு இந்தம்மாவுக்கு"ன்னு எவனாவது உச்சு கொட்டினா எனக்குப் பத்திகினு வரும். நல்ல மனசெல்லாம் எனக்குக் கெடையாது. அவன் பேர சொல்லும்போது இன்னிக்கும் பல்ல கடிச்சிகினுதான் சொல்றேன்.

நடந்தது இதுதான். புதூர்நாட்ல பஸ்ஸு நிக்கிற எடத்தாண்ட எங்க கடை. மளிகை சாமான், அதோட மலையில வெளையிற புளி, சாமை, பலாப்பழம் எல்லாத்தையும் வாங்கி கீழ திருப்பத்தூருக்கு அனுப்பற யாவாரம். என் வூட்டுக்காரர் பேரு மஸ்தான். மஸ்தான் பாய்னா மலையில சின்னக் கொழந்தைக்கும் தெரியும். அது பலாப்பழ சீசன். கடை வாசல்ல லாரி வந்து நிக்கணும். மணிவேல் ஜீப்ப குறுக்கால வுட்டுட்டு எங்கியோ பூட்டான். திரும்பி வந்தவன்கிட்ட இவரு வண்டிய எடுப்பான்னு சொல்லிருக்காரு. அவன் நல்லா குடிச்சிருந்தான். வாய்த் தகராறு முத்திப் போச்சு. "எங்க மலையில வந்து எங்களையே வண்டிய எடுன்றியாடா துலுக்கா"ன்னு கேட்டுகினே ஜீப்ல கெடந்த இரும்பு ராடை எடுத்து மண்டையில போட்டான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு எறங்கறோம், பாதி வழியில, கொண்டை ஊசி வளைவுல, என் மடியிலயே உசுரு பூட்ச்சு.

எங்க மலையாம்! என் மாமனார் காலத்துலேர்ந்து எங்க கடை அங்க இருக்குது. இந்த மணிவேல் பொறந்தப்ப அவன் ஆயிக்கு சுக்கும் மிளகும் பூண்டும் பொட்டலம் கட்டிக் குடுத்தவ நானு. அடிச்ச அடி ஒரு வலின்னா அந்த வார்த்தை இன்னொரு வலி. சண்டை வந்தது வண்டிக்காவ, மதத்துக்காவ இல்ல. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் குடிச்சவன் வாயில அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு? உள்ள இருந்தாதான வரும்? அத நெனச்சு நெனச்சு நான் ராத்திரியெல்லாம் வெந்தேன்.

மய்யித்த கீழ திருப்பத்தூர் கபுருஸ்தான்லதான் அடக்கினாங்க. மலையிலேர்ந்து ஜீப் ஜீப்பா ஜனம் எறங்கிச்சாம். மணிவேலோட அப்பன் தீர்த்தகிரியும் வந்து கேட்டாண்டயே தலைய குனிஞ்சிகினு நின்னானாம். நாலு பேரு அவன அடிக்கப் போனாங்களாம். எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துதான் நடுவுல பூந்து, "மவன் செஞ்சதுக்கு அப்பன அடிக்க எந்த வேதத்துலயும் எடமில்ல"ன்னு சத்தம் போட்டு அனுப்பி வெச்சாராம். இதெல்லாம் என் புள்ள அஃப்ரோஸ் வந்து சொன்னது. நான் எங்க போறது? புருஷன் மௌத்தானா பொம்பள நாலு மாசம் பத்து நாள் வூட்டோட இருக்கணும். இத்தான்னு சொல்வோம். வெளிய போவக் கூடாது, வேத்து ஆம்பளைங்க முன்னால வரக் கூடாது. உள் ரூமு, ஒரு பாயி, ஒரு திரை. அவ்ளோதான் என் உலகம்.

இந்த நேரத்துலதான் சுஹைலு வூட்டுக்குள்ள நொழஞ்சான். என் நாத்தனார் மவன், திருப்பத்தூர்ல செல்போன் கடை வெச்சிருக்கான், ஏதோ ஒரு இயக்கத்துலயும் இருக்கான். அதட்டிப் பேசவே மாட்டான். தாடி, வெள்ளை ஜுப்பா, கையில பேரீச்சம்பழப் பாக்கெட்டு. "மாமி, சபுர் செய்ங்க, பொறுத்துக்கங்க மாமி"ன்னு திரைக்கு அந்தாண்ட நின்னு அழுதான். நெஜமாவே அழுதான், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். மூணாம் நாளு அவருக்காவ பாத்தியா ஓதி சோறு போட்டோம். மலை ஜனங்க பாதிப் பேரு வந்து தரையில உக்காந்து சாப்ட்டாங்க. இவன் மட்டும், "இதெல்லாம் மார்க்கத்துல கெடையாது மாமி"ன்னு சொல்லிட்டு, போட்ட சோத்த தொடாம எழுந்து பூட்டான். என் புருஷன் பேர சொல்லி ஆக்கின சோறு அது. அன்னிக்கே நான் வாயத் தொறந்திருக்கணும். இருந்த துக்கத்துல வுட்டுட்டேன்.

அஃப்ரோஸ் எனக்கு ஒரே புள்ள. காலேஜ் முடிச்சுட்டு அவங்க அத்தாவோட கடையில நின்னவன். செத்த அன்னிக்கும் அழல, அப்புறமும் அழல. சோறு வெச்சா பெசஞ்சுட்டு எழுந்துடுவான். யார்கிட்டயும் பேச மாட்டான், சுஹைல்கிட்ட மட்டும் பேசுவான். ரெண்டு பேரும் ஹால்ல உக்காந்து மணிக்கணக்குல குசுகுசுன்னு பேசறது திரை வழியா எனக்குக் கேக்கும்.

"கண்ட எடத்துல அவங்கள கொல்லுங்கன்னு அல்லாவே சொல்லிருக்கான் அஃப்ரோஸ். நான் சொல்லல."

"ம்."

"உயிருக்கு உயிர். கொல்லப்பட்டவனோட வாரிசுக்கு அதிகாரம் குடுத்திருக்கோம்னு இருக்குது. வாரிசு யாரு? நீதான். மாமா ரத்தம் உன் கழுத்துல தொங்குது. கியாமத்து நாள்ல, கடைசித் தீர்ப்பு நாள்ல, அவரு எழுந்து வந்து, மவனே என் ரத்தத்த இன்னா பண்ணன்னு கேட்டா இன்னா சொல்வ?"

சுஹைலோட கொரலு தேனு. பெத்தவளுக்கு அதக் கேட்டாலே பயம். ஆனா ஒண்ணு சொல்றேன், மறைக்க மாட்டேன். அப்ப அவன் பேசனது எனக்கும் கசக்கல. இத்தாவுல எனக்கு வேற இன்னா வேலை? தமிழ் அர்த்தம் போட்ட வேதத்த எடுத்து வெச்சிகினு நானும் தேடினேன். பழி வாங்க எடம் இருக்குதான்னுதான் தேடினேன். இருந்துச்சு. உயிருக்கு உயிர், கண்ணுக்குக் கண்ணு, பல்லுக்குப் பல்லு. படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு. அதே ஆயத்துல, அந்த வசனத்துலயே, அடுத்த வரி, எவன் மன்னிச்சு வுட்றானோ அது அவன் பாவத்துக்குப் பரிகாரமாவும்னு இருக்குது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? உள்ளங்கைய வெச்சு அந்த வரிய மூடிட்டு, மேல இருந்தத மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்கு அந்த வரி வேணாம். என் புருஷன் மண்டைய பொளந்தவன மன்னிக்கணுமா? போங்க வேலைய பாத்துகினு!

இன்னொரு எடத்துல கொன்னவன, செத்தவன் வூட்டாளுக்கு 'சகோதரன்'னு சொல்லுது. மணிவேல் எனக்குக் கூடப் பொறந்தவனா? அன்னிக்கு வேதத்த மூடி வெச்சுட்டு அல்லாகிட்டயே சண்டை போட்டேன். நீ மன்னிப்ப, உனக்கின்னா, நீ ரப்பு, படைச்சவன், எனக்கு புருஷன் இல்லன்னு. தௌபா, தௌபா, அல்லா மன்னிக்கணும். ஆனா கேட்டேன்.

இப்படியே மூணு மாசத்துக்கு மேல ஓடிச்சு. ஒரு நாளு சேதி வந்துச்சு, மணிவேலுக்கு ஜாமீன் கெடச்சுட்ச்சுன்னு. ஊருக்கே வந்துட்டானாம், வூட்டுக்குள்ளயே கெடக்குறானாம். அஃப்ரோஸ் கடை ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு வந்து படுத்துட்டான்.

அடுத்த வெள்ளிக்கெழமை ஜும்மா தொழ கீழ போனவன், சுஹைலையும் இன்னும் ரெண்டு வாலிபனுங்களையும் கூட்டிகினு வூட்டுக்கு வந்தான். கொஞ்ச நேரத்துல பின்கட்டுல, துணி தொவைக்கிற கல்லுல, கத்தி தீட்ற சத்தம் கேட்டுச்சு.

எங்க வூட்ல கல்லுல தீட்ற கத்தி ஒண்ணே ஒண்ணுதான், அத வருஷத்துக்கு ஒருக்காதான் தீட்டுவோம். பக்ரீதுக்கு. மத்த நாளெல்லாம் எண்ணெ தடவி, துணி சுத்தி, பரண் மேல போட்டுடுவோம். குர்பானிக்கு அறுக்கற ஆட்டத் தவிர வேற எதுலயும் அது பட்டது கெடையாது. காய் கூட நறுக்க வுட மாட்டாரு அவரு. பக்ரீது எப்பவோ முடிஞ்சு போச்சு. அடுத்தது வர எத்தினியோ மாசம் கெடக்குது. வெள்ளிக்கெழமை மத்தியானத்துல அந்தக் கத்திய எவன் தீட்றான், எதுக்குத் தீட்றான்?

யா அல்லா! எனக்குப் பயம் புடிச்சிகிச்சு. மணிவேல் சாவறத பத்தி இல்ல. அவன் செத்தா எனக்கு இன்னா? என் புள்ள அந்தக் கத்திய புடிச்சிகினு நிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. அப்புறம் போலீசு, ஜெயிலு, தூக்கு. மலை ஜனம் எங்க வூட்டக் கொளுத்தும், கீழ இருக்கிறவனுங்க மலை ஜனத்தோட வூட்டக் கொளுத்துவானுங்க. புருஷன மண்ணுக்குக் குடுத்துட்டேன், புள்ளைய யாருக்குக் குடுக்கறது?

திரைய விலக்கிட்டு வெளிய வந்தேன். இழுத்த வேகத்துல கம்பியே கழண்டு வுழுந்துச்சு. ஹால்ல சுஹைலு உக்காந்திருக்கான், அந்த ரெண்டு பசங்க கதவோரம் நிக்கிறானுங்க. என் புள்ள பின்கட்டுலேர்ந்து கையில கத்தியோட உள்ள வர்றான். என்னப் பாத்ததும் சுஹைலு தலைய தரைக்குத் தாழ்த்திகினான்.

"மாமி, நீங்க இத்தாவுல இருக்கீங்க. நாங்கல்லாம் வேத்து ஆம்பளைங்க. உள்ள போங்க."

"உள்ள போறதா? நீ வந்து என் புள்ளைய கொலைகாரன் ஆக்குவ, நான் உள்ள குந்திகினு தஸ்பீ மணி உருட்டணுமா?"

"இது கொலை இல்ல மாமி. கிஸாஸ். பழிக்குப் பழி. அல்லாவோட சட்டம்."

"அப்படியா? அப்ப நீயும் கூடப் போறியா?"

"நான் போனா இது இயக்கம் செஞ்சதுன்னு பேரு வந்துடும் மாமி. வாரிசு கையால நடந்தாதான் அது கிஸாஸ்."

"அட பேமானி! ஆயத்து உன் வாயில, கத்தி என் புள்ள கையிலயா? நீ கடைய சாத்திட்டு பிரியாணி துன்னுவ, இவன் தூக்குல தொங்கணுமா?"

"வார்த்தைய அளந்து பேசுங்க மாமி. நான் வேதத்துல இல்லாதது எதையும் சொல்லல."

"இல்லாதத சொல்லலடா, இருக்கறதுல பாதிய முழுங்கிட்ட! கண்ட எடத்துல கொல்லுன்னு சொன்னியே, அதுக்கு மேல இன்னா இருக்குது? உங்கமேல சண்டைக்கு வர்றவங்ககிட்ட சண்டை போடுங்க, வரம்பு மீறாதீங்கன்னு இருக்குது. கீழ இன்னா இருக்குது? அவங்க நிறுத்திட்டா அல்லா மன்னிக்கிறவன்னு இருக்குது. படையெடுத்து வந்தவங்களுக்குச் சொன்னத ஜீப் டிரைவருக்குச் சொல்றியே! வாரிசுக்கு அதிகாரம்னு சொன்ன வாய், அவன் வரம்பு மீற வேணாம்னு அதுக்குப் பின்னாலயே இருக்கறத எங்க வெச்ச? நான் கை வெச்சு மறச்சிப் படிச்ச அதே எடத்தெல்லாம் நீயும் மறச்சிருக்க. எனக்காவது வயித்தெரிச்சல்டா. உனக்கு இன்னா?"

அந்த ரெண்டு பசங்க ஒருத்தன ஒருத்தன் பாத்துகினானுங்க. அஃப்ரோஸ் கொரலு மட்டும் கல்லு மாதிரி வந்துச்சு.

"அம்மா, தள்ளிக்க. நான் அத்தாவோட வாரிசு. எனக்கு அதிகாரம் இருக்குது."

"நீ மட்டும்தான் வாரிசா?"

"வேற யாரு?"

அந்தக் கேள்விதான் என்னத் தூக்கி வாரிப் போட்டுச்சு. வேற யாரா! இத்தினி வருஷம் அவருக்குப் பொங்கிப் போட்டு, அவர்கூட புளி மூட்டை தெச்சு, கடைசியில அவரு தலைய மடியில வெச்சிகினு இருந்த ஒருத்தி எதிர்ல நிக்கிறேன். கொல்லலாமா வேணாமான்னு மாசக்கணக்குல பேசனானுங்களே, ஒருத்தன் திரை பக்கம் திரும்பி என்ன ஒரு வார்த்தை கேக்கல.

"டேய் சுஹைலு. மூணாம் நாளு நீயேதானடா சொத்து பாகம் சொன்ன? மாமிக்கு எட்டுல ஒரு பங்கு, மீதி அஃப்ரோஸுக்குன்னு வெரல் வுட்டு எண்ணிச் சொன்னியே? வூட்ல எனக்கு எட்டுல ஒரு பங்கு, கடையில எட்டுல ஒரு பங்கு, ரத்தத்துல மட்டும் எனக்குப் பங்கில்லையா?"

சுஹைலு சட்டுனு சுதாரிச்சுகினு, "அது வேற, இது வேற மாமி"ன்னான்.

"வேறயா இல்லையான்னு கேட்டுடலாம் இரு." செல்ல எடுத்து ஹஜ்ரத்துக்குப் போட்டேன். ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"ஹஜ்ரத், நான் ஜைத்தூன் பேசறேன். மஸ்தான் சம்சாரம். செத்தவருக்கு மவனும் பொண்டாட்டியும் வாரிசு. மவன் பழி வாங்கணும்ன்றான். பொண்டாட்டி மன்னிச்சுட்டேன்னு சொன்னா இன்னா ஆவும்?"

மனுஷன் புரிஞ்சிகினாரு. அப்புறம் நிதானமா சொன்னாரு. "வாரிசுகள்ல ஒருத்தர் மன்னிச்சாலும் பழி வாங்கற உரிமை எல்லாருக்கும் போச்சும்மா. அப்புறம் அவன் மேல கை வெச்சா அது கிஸாஸ் இல்ல, சுத்தமான கொலை. ஒரு உயிர அநியாயமா எடுத்தவன் மனுஷ ஜாதியையே கொன்னவன் மாதிரின்னு இருக்குதே, அந்தக் கொலை. மன்னிக்கலன்னாலும் தண்டனை குடுக்கறது அதிகாரத்துல இருக்கறவங்க வேலை, ரோட்ல போறவன் வேலை இல்ல. இத யாரு மாத்திச் சொல்றது?"

சுஹைலு செல்லுகிட்ட குனிஞ்சான். "ஹஜ்ரத், பொம்பளைங்க மன்னிப்பு செல்லாதுன்னு சொன்ன, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் இருக்காங்களே?"

"இருக்காங்க தம்பி. நம்ம மத்ஹபுல, நாம பின்பத்தற சட்ட வழியில, செல்லும். நீ தொழும்போது கை கட்றது நம்ம மத்ஹபு, கொல்லும்போது மட்டும் வேற மத்ஹபா?"

எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துச்சு. ஆனா அடுத்து அவரு கேட்டது என்னக் கட்டிப் போட்டுட்ச்சு.

"நீங்க மன்னிச்சுட்டீங்களாம்மா? வாயால சொல்லணும்."

சொல்றதுக்குன்னு வாயத் தொறந்தேன். வரல. சத்தியமா வரல. வண்டி வளைவுல திரும்பறப்ப அவரு கை என் பொடவைய புடிச்சிகினு இருந்தது ஞாபகம் வந்துச்சு. அந்த 'துலுக்கா' ஞாபகம் வந்துச்சு. இந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டா அவரு ரத்தத்த நானே தண்ணி ஊத்திக் கழுவற மாதிரி இருந்துச்சு. ஹால்ல எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. சுஹைலு உதட்டோரம் லேசா ஒரு சிரிப்பு. எனக்கு வராதுன்னு அவனுக்குத் தெரியும். அஃப்ரோஸ் கத்திய ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்தினான்.

"மன்னிச்சுட்டேன்!" கத்தினேன். பக்கத்து வூட்டுக்கே கேட்டிருக்கும். "மணிவேல மன்னிச்சுட்டேன். என் புருஷன கொன்னதுக்கு மன்னிச்சுட்டேன். அல்லா சாட்சி, ஹஜ்ரத் சாட்சி, இந்த நாசமாப் போன சுஹைலும் சாட்சி!"

"இது மனசார வந்தது இல்ல"ன்னு சுஹைலு சொன்னான். "கோவத்துல சொன்னது. செல்லாது."

"மனசப் பாக்கறவன் மேல இருக்கான்டா. நீ யாரு, அவனுக்கு பியூனா? எழுந்திரு. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத. உங்க ரெண்டு பேருக்கும் ஆயி இருக்காளா தம்பிங்களா? அப்ப அவகிட்ட போங்க."

அந்தப் பசங்க முதல்ல நழுவினானுங்க. சுஹைலு செருப்ப மாட்டிகினே, "கோழைங்க வூடு"ன்னு மொனகிட்டுப் போனான். த்தூன்னு துப்பினேன். வாசல்லதான் வுழுந்துச்சு, அவன் மேல படல.

அவன் போனதும் என் புள்ள வெடிச்சான். "நீ யாரும்மா மன்னிக்க? எங்க அத்தாவ!"

"உங்க அத்தா என் புருஷன்டா!"

ரெண்டு பேரும் அப்படியே மொறச்சிகினு நின்னோம். கத்திய அவன் கையிலேர்ந்து நான் புடுங்கல, அவனே ஜன்னல் மேடையில வெச்சான். ஹஜ்ரத் இன்னும் லைன்லதான் இருந்தாரு. "ஹஜ்ரத், நான் அவனாண்ட நேரா போய்ச் சொல்லணும். இல்லன்னா நாளைக்கே எவனாவது வந்து சொல்லவே இல்லன்னுவான். இத்தாவுல வெளிய போலாமா?"

"ஒரு உயிரு விஷயம். போய்ட்டு பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடும்மா."

அஃப்ரோஸ்தான் வண்டி ஓட்டினான். தீர்த்தகிரி வூட்டு வாசல்ல அவன் சம்சாரம் செல்லியம்மா சாமைய காய வெச்சு தொழாவிகினு இருந்தா. எங்க வண்டிய பாத்தா, என் புள்ள எறங்கறத பாத்தா, "ஐயோ!"ன்னு ஒரு கத்து. ஓடிப் போய் கதவ இழுத்து சாத்திட்டு, ரெண்டு கையையும் விரிச்சு அதும்மேல சாஞ்சி நின்னா. "பாயம்மா, உன் கால புடிச்சுக்கறேன். என்ன வேணா வெட்டிப் போடுங்க. எனக்கு வேற புள்ள இல்ல."

"எனக்கு மட்டும் எத்தினி இருக்குது? கத்தாத. கதவத் தொற, உன் புள்ளைய வரச் சொல்லு. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

அவ நவுரல. உள்ளேர்ந்து அவனேதான் கதவத் தள்ளிகினு வந்தான். எளச்சு, தாடி மண்டி, கண்ணு குழி வுழுந்து கெடந்தான். வந்தவன் தடால்னு என் கால்ல வுழுந்தான்.

"எழுந்திரு! எங்களுக்கு ஆவாது அது. அல்லாவுக்கு மட்டும்தான் வுழுவோம். நின்னுகினு கேளு. எங்க மார்க்கத்துல உன் உசுர கேக்கற உரிமை எனக்கும் என் புள்ளைக்கும் இருந்துச்சு. நான் மன்னிச்சுட்டேன். அதனால அவனுக்கும் இனிமே அந்த உரிமை கெடையாது. புரியுதா? கோர்ட்டு கேஸு வேற. அங்க வந்து நான் பாத்ததெல்லாம் சொல்வேன். ஒரு வார்த்தை கொறைக்க மாட்டேன். நீ உள்ள போறத என் கண்ணால பாக்கணும்."

அவன் தலைய தலைய ஆட்டினான். அஃப்ரோஸ் அதுவரைக்கும் எங்க வண்டியில சாஞ்சிகினு நின்னவன், கிட்ட வந்தான். செல்லியம்மா மூச்ச புடிச்சிகினு நின்னா, நானும்தான்.

"அந்த வார்த்தைய எதுக்குடா சொன்ன? அத்தா உன்ன இன்னா பண்ணாரு?"

மணிவேல் தரைய பாத்துகினே சொன்னான். "தெரியல அஃப்ரோஸ். பாய் என்ன ஒண்ணும் பண்ணல. பிராந்திக் கடையாண்ட வெளியூர்க்காரன் ஒருத்தன் வருவான். போன்ல வீடியோ போட்டுக் காட்டுவான். உங்க மலைய புடுங்கிக்கப் போறாங்கன்னு சொல்லிகினே இருப்பான். எனக்கு உள்ள ஊறிப் போச்சு போல. அன்னிக்கு வாயில வந்துட்ச்சு."

அவனுக்கும் ஒரு சுஹைலு இருந்திருக்கான். ஜுப்பா போடாத சுஹைலு. அந்த ராடை ஓங்கினப்ப அவனும் பக்கத்துல இல்ல. இப்ப எங்கியோ இன்னொரு கடை வாசல்ல இன்னொருத்தனுக்கு வீடியோ காட்டிகினு இருப்பான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சு செருப்பால அடிச்சிருப்பேன். ஆனா அடிச்ச கை மணிவேலோடது. அதுக்கு வீடியோ பதில் சொல்லாது. அதையும் அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

திரும்பி வர்றப்ப பொழுது மேக்கால எறங்கிடுச்சு. பாதி வழியில அஃப்ரோஸ் வண்டிய ஓரங்கட்டி நிறுத்தினான். ஸ்டீரிங்க புடிச்சிகினு நேராப் பாத்துகினே சொன்னான்.

"நான் மன்னிக்கலம்மா. நீ சொன்னதால வுட்டேன். நான் மன்னிக்கல."

"நானும் மன்னிக்கலடா."

சடக்குனு திரும்பினான். "இன்னாம்மா சொல்ற? அப்ப ஹஜ்ரத்துகிட்ட சொன்னது? அவன்கிட்ட சொன்னது?"

"சொன்னது சொன்னதுதான். அல்லா பேர சொல்லிச் சொன்னத திருப்பி எடுக்க முடியாது. மனசு இன்னும் வரல. வருதோ வரலையோ, அது எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல இருக்குது."

"வராதத எதுக்கும்மா சொன்ன?"

"நீ வூட்டுக்கு வரணும்டா. வேற எதுக்கு?"

அவன் ஸ்டீரிங் மேல தலைய வெச்சு அழ ஆரம்பிச்சான். அவங்க அத்தா செத்ததுக்கு அன்னிக்குத்தான் அழுதான். நான் சமாதானம் சொல்லல, முதுகுல கைய மட்டும் வெச்சிகினு உக்காந்திருந்தேன்.